வியாழக்கிழமைக் கல்வெட்டு

அந்த ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் பார்ப்பது பாலத்தை. நல்ல கருங்கல் பாலம், ஒரு கல் அசையவில்லை. அடியில் ஆறுதான் இல்லை. எப்போதோ ஒரு பெருவெள்ளத்தில் ஆறு தடம் மாறி மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது, பாலம் போகவில்லை. இப்போது அதன் அடியில் கீரை போடுகிறார்கள். அடுத்தது மணிக்கூண்டு. நான்கு பக்கமும் கடிகாரம், நான்கிலும் நான்கு நேரம். தாமதமாக வேலைக்குப் போகிறவர் தனக்குத் தோதான பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாகப் போகலாம். அதைத் தாண்டினால் கோட்டை. பாதி இடிந்துவிட்டது. இடியாத பாதியில் முன்னே சிறைச்சாலை இருந்தது, இப்போது பத்திரப் பதிவு அலுவலகம் இருக்கிறது. உள்ளே போய் மாட்டிக்கொண்டவர்களுக்கு வித்தியாசம் அதிகம் தெரிவதில்லை. கோட்டைக்குள்ளே ஒரு பெரிய குளம், முழுக்க ஆகாயத்தாமரை. குளக்கரையில் எழுத்துத் தேய்ந்த ஒரு கல்லை நட்டு வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவுதான் ஊர். உள்ளதை உள்ளபடி சொன்னால் ஒரு வாய் வெற்றிலை மெல்லுவதற்குள் சொல்லி முடித்துவிடலாம். உள்ளதை உள்ளபடி சொல்லிப் பிழைக்க முடியாது என்பதால்தான் அந்த ஊரின் வழிகாட்டி ஒரு ராணியை உண்டாக்கினாள்.

அவள் கழுத்தில் தொங்கும் அட்டையில் ‘அங்கீகரிக்கப்பட்ட வழிகாட்டி’ என்று போட்டிருக்கும். ஊர் வைத்த பெயர் கதைக்காரி. அங்கே ஒரு ராஜா இருந்தது உண்மை. அவருக்கு ஒரு மனைவி இருந்திருப்பாள் என்பதும் நம்பக்கூடியதே. மற்றதெல்லாம் கதைக்காரியின் கைவண்ணம். அவளுடைய பிடிவாத ராணி, ராஜா தன் சமையலைக் கேலி செய்தார் என்ற கோபத்தில் ஆற்றைப் பார்த்து “போ” என்றாள், அது போய்விட்டது. தான் எப்போது வீடு திரும்பினேன் என்பதை ராஜா கண்டுபிடிக்கக் கூடாது என்று மணிக்கூண்டில் நான்கு நேரம் வைக்கச் சொன்னாள். மணிக்கூண்டு கட்டி நூறு வருஷம் இருக்கும், ராணி நானூறு வருஷத்துக்கு முந்தியவள். இதைக் கூட்டிக் கழித்துப் பார்த்த பயணி இன்றுவரை ஒருவரும் இல்லை.

அப்படிப்பட்டவளைத்தான் அன்று காலையில் அவள் மகள் சமையலறை வாசலில் வழிமறித்து நின்றாள்.

“அம்மா, இன்னைக்கு ஒரு நாள். ஒரே ஒரு நாள். ஒரு பொய்கூட வாயில வரக் கூடாது.”

“நான் எங்கடி பொய் சொல்றேன்? வரலாறு சொல்றேன்.”

“அதுவும் வேண்டாம்.”

மகள் தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். கலங்கல் எது, தெளிவு எது என்று பார்த்துச் சொல்வதே பிழைப்பு. கூட வேலை பார்க்கும் பையனை அவளுக்குப் பிடித்திருந்தது, பையனுக்கும் அப்படியே. அன்று பையனின் அப்பாவும் அம்மாவும் ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மத்தியானம் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, கல்யாணத்தைப் பேசி முடிக்க வருகிறார்கள். அப்பா ஓய்வுபெற்ற பூகோள வாத்தியார். பொய் என்றால் அவருக்கு ஆகாது. பேருந்தில் நடத்துனர் கேட்க மறந்தால் தேடிப் போய்ச் சீட்டு வாங்குகிற ரகம். “பொய் பேசுற குடும்பத்துல நான் பொண்ணு எடுக்கறதா இல்லை” என்று மகனிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தார். பையன் அதை அப்படியே இவளிடம் சொல்லிவிட்டு, அன்றைக்கு வேண்டுமென்றே கூடுதல் வேலை கேட்டு வாங்கிக்கொண்டான்.

“ஊர் சுத்திக் காட்ட நான் போகாம இருந்துட்டா?” என்றாள் கதைக்காரி.

“அவங்க கேட்டதே அதைத்தான். நீங்கதான் சுத்திக் காட்டணுமாம்.”

மகளின் கண் கலங்கியிருந்தது. கேலியும் கிண்டலும் ஒரு பக்கம் இருக்கட்டும், பெற்றவள் பெற்றவள்தான். கதைக்காரி மகளின் கன்னத்தைத் தட்டி, “சரி, சத்தியமா இல்லை” என்றாள். கூடத்தில் புதுச் சட்டை போட்டுக்கொண்டு நாளிதழ் படித்துக்கொண்டிருந்த அவள் கணவர், மின்வாரியத்தில் லைன்மேன், தலையை நிமிர்த்தி, “காபி கிடைக்குமா?” என்றார். எந்த உயரமான கம்பத்திலும் ஏறுகிறவருக்குச் சமையலறைப் படி ஒன்று மட்டும் ஏற வராது.

பேருந்து நிலையத்தில் வாத்தியார் குடையும் ஒரு கனத்த பையுமாக இறங்கினார். பின்னால் அவர் மனைவி, துருதுருவென்று, கண்ணில் சிரிப்போடு. கதைக்காரி பையை வாங்கக் கை நீட்டினாள்.

“வேண்டாம்மா, இருக்கட்டும். இதுல வேலைக்கு வேண்டியது இருக்கு” என்றார் வாத்தியார்.

என்ன வேலை என்று அவர் சொல்லவில்லை.

பாலத்துக்குக் கூட்டிப் போனாள். வாய் பழக்கத்தில் “அந்தக் காலத்துல பிடிவாத…” என்று ஆரம்பித்தது. இழுத்துப் பிடித்து நிறுத்திக்கொண்டு, “வெள்ளம் வந்துச்சு சார். ஆறு தடம் மாறிடுச்சு” என்றாள்.

வாத்தியார் மலையைப் பார்த்தார், பள்ளத்தைப் பார்த்தார், திருப்தியோடு தலையாட்டினார். “வளைவுல வெளிப்பக்கம் அரிச்சிருக்கும். நியாயம்தான்.”

கீழே கீரை பறித்துக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்தாள். “என்ன கதைக்காரி, இன்னைக்கு ராணியை விட்டுட்டே? சார், வெள்ளமும் இல்லை, ஒண்ணும் இல்லை. ராணி ஒரு வார்த்தை சொன்னாங்க, ஆறு எந்திரிச்சுப் போயிடுச்சு. அவங்க நின்ன இடம் இதோ, இந்தப் பாத்திதான். அதனாலதான் இங்க கீரை இப்படி வருது.”

பாத்தி விவரம் கதைக்காரிக்கே புதிது. “அது சும்மா சொல்றது சார்” என்றாள் தணிந்த குரலில்.

“சும்மாவா?” கீரைக்கார அம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. “நீதானே தினமும் இங்க நின்னு தொண்டை வத்தக் கத்தறே?”

வாத்தியார் குடையை இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்றிக்கொண்டார். இத்தனை வருஷம் விதைத்ததெல்லாம் இன்றைக்குப் பார்த்து மொத்தமாக முளைக்கிறதே என்று கதைக்காரி நினைத்தாள்.

மணிக்கூண்டுக்கு அடியில் டீக்கடை. “பல்சக்கரம் தேஞ்சுபோச்சு சார், பழுது பாக்க ஆள் கிடைக்கலை” என்று அவள் உண்மையைச் சொல்லி வாயை மூடவில்லை, டீக்கடைக்காரர் கிளாசை நீட்டியபடியே ராணியின் நான்கு நேரத்தையும் ராகம் போட்டுச் சொல்லி முடித்தார். முடித்ததோடு விட்டாரா? “இன்னைக்கு வியாழக்கிழமை, கடையைச் சீக்கிரம் கட்டிடுவேன். வீட்டுல சமையல் நான்தான். ராணி சட்டம்” என்றார் பெருமையாக.

வாத்தியாரின் கையில் கிளாஸ் அப்படியே நின்றது. அவர் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள்.

“என்னை அடையாளம் தெரியலையா?” என்று கதைக்காரியின் கையைப் பிடித்தாள். “தையல் வகுப்புக்காரங்க எல்லாரும் சுற்றுலா வந்தோமே. என் பெரிய பையன் அப்ப கைக்குழந்தை. சமைக்க நேரமாச்சு, போகணும், அவர் கத்துவார்னு நான் புலம்பிக்கிட்டே இருந்தேன். நீங்க அந்தக் கல்லைக் காட்டி, ‘வியாழக்கிழமை ஆம்பளைங்கதான் அடுப்பு பாக்கணும்னு இதுல எழுதியிருக்கு, இன்னைக்கு வியாழன்தான், மெதுவா போங்க’ன்னு சொன்னீங்க.”

அந்தப் பழைய வெயிலும், குளக்கரையும், இடுப்பில் குழந்தையோடு பரபரத்துக்கொண்டிருந்த ஒல்லிப் பெண்ணும் கதைக்காரிக்கு நினைவு வந்தது. பாவமாக இருந்ததால் அந்த நிமிஷத்தில் வாயில் வந்ததைச் சொன்னாள். மறுநாள் வந்த கூட்டத்துக்கும் அது பிடித்துப்போகவே, ராணியின் கணக்கில் நிரந்தரமாகச் சேர்த்துவிட்டாள்.

“நான் வீட்டுக்குப் போய் இவர்கிட்ட சொன்னேன். ஒரு ராஜாவே கட்டுப்பட்டிருக்கார், நீங்க என்ன அவரைவிடப் பெரியவரான்னு கேட்டேன். எழுந்து அடுப்படிக்குப் போயிட்டார். அந்த வியாழக்கிழமையிலதான் நான் வெளியில துணி தைக்க ஆரம்பிச்சேன். இப்ப சொந்தக் கடை, நாலு பேர் என்கிட்ட வேலை பாக்கறாங்க.” அவள் குரல் சட்டென்று கனிந்தது. “உங்களைப் பாத்து நன்றி சொல்லணும்னு எத்தனையோ நாளா நினைச்சிருக்கேன்.”

வாத்தியார் கிளாசைக் கீழே வைத்தார். “சமைச்சது பெரிசு இல்லை. இருபத்தாறு வருஷமா இவ குறை சொல்லாம ஒரு வாய் சாப்பிட்டதில்லை.”

“உப்பு ஒரு வாரம் தூக்கல், ஒரு வாரம் மட்டு. நான் என்ன பண்ண?” என்றாள் மனைவி.

“அதை விடு. ஆதாரம் பாக்காம நான் ஒரு விஷயத்துக்குக் கட்டுப்பட்டேன்னா, வாழ்க்கையில அது இது ஒண்ணுதான். ஓய்வு வாங்கின கையோட பழைய எழுத்து படிக்கக் கத்துக்கிட்டேன். ராத்திரி பகலா உட்கார்ந்து கத்துக்கிட்டேன். இன்னைக்கு அந்தக் கல்லைப் படிக்கப் போறேன்.” பையைத் தட்டினார். உள்ளே ஏதோ டப்பாக்கள் உருண்டன. “வியாழக்கிழமையாப் பாத்துத்தான் வந்திருக்கேன்.”

அந்தக் கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று கதைக்காரிக்கு நன்றாகத் தெரியும். பல வருஷங்களுக்கு முன் கல்வெட்டுகளைப் படியெடுக்க வந்த ஓர் அதிகாரி வாசித்துக் காட்டியிருக்கிறார். இந்தக் குளத்தில் மாடு குளிப்பாட்டக் கூடாது, மீறினால் அபராதம். அதில் ராணியும் இல்லை, அடுப்பும் இல்லை, கிழமையும் இல்லை.

கோட்டைக்குப் போகும் வழியெல்லாம் அவள் மனசு கிடந்து தவித்தது. கல் பேசினால் கல்யாணம் நின்றுவிடும். கல் பேசுமுன் தானே பேசினாலும் நின்றுவிடும். வாயைத் திறக்காமல் இருந்தாலோ மகளுக்குக் கொடுத்த வார்த்தை பொய்யாகிவிடும். எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் கலங்கிய ஒரு முகம்தான் மிஞ்சியது. குளக்கரைக்கு வந்ததும் அவள் வாத்தியாருக்கும் கல்லுக்கும் நடுவில் போய் நின்றாள்.

“சார், கல்லைத் தொடறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். அந்தச் சட்டம் ராணி போட்டது இல்லை. நான் போட்டது. அப்படி ஒரு ராணியே இல்லை. ஆறு, மணிக்கூண்டு எல்லாமே என் கட்டுக்கதை. என் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்லை. அவ பொய்யே பேச மாட்டா. என்னை வச்சு அவளை எடை போடாதீங்க.”

சொல்லி முடித்ததும் அவளுக்கு மூச்சு வாங்கியது. வெட்கமாகவும் இருந்தது, பாரம் இறங்கியதாகவும் இருந்தது.

அதை யாராவது நம்ப வேண்டுமே. “என்ன ஒரு தன்னடக்கம் பாருங்க” என்றாள் வாத்தியாரின் மனைவி. கோட்டைக் காவலாளி கம்பை ஊன்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். “என்ன தங்கச்சி, உடம்பு சரியில்லையா? ராணி இல்லைங்கிறே? என் பாட்டன் முப்பாட்டன் எல்லாம் அவங்க குதிரைக்குப் புல்லு வெட்டினவங்க” என்றார். அவர் வேலை மாற்றலாகி இந்த ஊருக்கு வந்தே ஆறு வருஷம்தான் ஆகிறது.

“நானே உண்டாக்கினேன்னு நானே சொல்றேன் அண்ணே.”

“நீ சொன்னா ஆச்சா? ஊரே சொல்லுது.”

வாத்தியார் எல்லாரையும் கையமர்த்தினார். “கல்லு சொல்லட்டும்.”

பையைத் திறந்தார். ஒரு தூரிகை, ஒரு தண்ணீர்ப் பாட்டில், ஒரு கைவிளக்கு, ஒரு டப்பா நிறையச் சுண்ணக்கட்டி. பள்ளிக்கூடத்தை விட்டு வரும்போது அவர் ஆசையாகக் கேட்டு வாங்கிவந்தது அந்த டப்பா ஒன்றுதான். கல்லைக் கழுவினார், காயவிட்டார், சுண்ணக்கட்டியைப் பொடித்துக் கல் மேல் பதமாகத் தேய்த்தார். தேய்ந்துபோன எழுத்துகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. விளக்கைச் சாய்த்துப் பிடித்து, மண்டியிட்டு, உதடு அசைய வாசித்தார். திரும்ப மேலிருந்து வாசித்தார். அவர் காது சிவந்ததைக் கதைக்காரி பார்த்தாள்.

“என்ன எழுதியிருக்கு?” என்று கேட்டாள் அவர் மனைவி.

அந்தக் குரலில் துருதுருப்பு இல்லை. படிக்கட்டில் உட்கார்ந்து முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். விளையாட்டாகத்தான் வந்திருந்தாள். இப்போது பயந்துபோயிருந்தாள். வாரத்தில் அந்த ஒரு நாளை வைத்துத்தானே அவள் கடை, அவள் சம்பாத்தியம், அவள் நிமிர்ந்து நடப்பது எல்லாம் எழும்பியிருந்தது. கதைக்காரிக்கு அவளை இழுத்து அணைத்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

வாத்தியார் மனைவியை வெகுநேரம் பார்த்தார். பிறகு குளத்தைப் பார்த்தார். கரைக்குக் கரை அடைத்துக் கிடந்த ஆகாயத்தாமரையை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ ஒன்று மெல்ல மலர்ந்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வகுப்பில் பாடம் வாசிக்கிற குரலில் ஆரம்பித்தார்.

“‘வியாழன்தோறும் அடுப்பு ஆண்மகன் பொறுப்பு.’ சரியாத்தான் சொல்லியிருக்காங்க.”

கதைக்காரி வாயைப் பிளந்தாள்.

“ஆனா கீழே இன்னொரு வரி இருக்கு. அதை இத்தனை வருஷமா யாரும் நமக்குச் சொல்லலை. ‘ஆக்கியதை உண்டு குறை சொல்வார், இக்குளத்தைத் தனியே தூர்வாரக் கடவார்.’”

“எங்க?” மனைவி எழுந்து ஓடி வந்தாள்.

“இதோ, ‘கு’. இதோ, ‘கடவார்’. நல்லாப் பாத்துக்கோ.”

அவளுக்கு அந்த எழுத்து ஒன்றும் படிக்கத் தெரியாது. கல்லைப் பார்த்தாள், குளத்தைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள். “இந்தக் குளத்தையா? தனியாவா?” என்றாள்.

“சட்டம்” என்றார் வாத்தியார்.

காவலாளி பயபக்தியோடு தலையாட்டி, அந்த இரண்டாவது வரியைத் தன் முப்பாட்டனும் சொல்லிக் கேட்டிருப்பதாகச் சொன்னார்.

திரும்பும்போது வாத்தியார் வேண்டுமென்றே பின்தங்கி, கதைக்காரியோடு நடந்தார். “மாடு குளிப்பாட்டினா அபராதம்” என்றார் காதோரமாக.

“தெரியும் சார்.”

“உங்களுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். கல்யாணமே போனாலும் போகட்டும்னு நீங்க உண்மையைச் சொல்லிட்டீங்க. அதனால பொய்யை நான் எடுத்துக்கிட்டேன். அவளுக்கு அவ நாள் இருக்கட்டும், எனக்கு இனிமே நிம்மதியா ஒரு வாய் சோறு.” கொஞ்ச தூரம் போனதும், “நாளைக்கு வர்ற கூட்டத்துக்கு ரெண்டாவது வரியையும் சேர்த்துச் சொல்லிடுங்க. ஒரே மாதிரி இருக்கணும்” என்றார்.

“அப்ப பொய் பேசுற குடும்பத்துல பொண்ணு எடுக்க மாட்டேன்னு சொன்னது?”

“இப்ப எங்க குடும்பமும் அதுல சேர்ந்துடுச்சே.”

கதைக்காரிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னே நடந்தாள்.

அவள் வீடு கோட்டைச் சுவரை ஒட்டி இருந்தது. சாப்பாட்டு மேசைக்கு நேரே ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே அதே குளம். மகள் காய் நறுக்கி, சோறு வடித்து வைத்திருந்தாள். குழம்புதான் பாக்கி. கதைக்காரி முந்தானையைச் செருகிக்கொண்டு அடுப்பங்கரைப் பக்கம் திரும்பியபோது, வாத்தியாரின் மனைவி கேட்டாள்.

“இன்னைக்கு வியாழக்கிழமை ஆச்சே. உங்க வீட்டுலயும் அவர்தானே?”

மகள் அம்மாவைப் பார்த்தாள். கதைக்காரி மகளைப் பார்த்தாள். காலையில் கொடுத்த வார்த்தையை மீற மனசு வரவில்லை.

“எங்க வீட்டுல அது இன்னும் நடைமுறைக்கு வரலை” என்றாள்.

“எது?” என்றார் லைன்மேன், நாளிதழுக்குப் பின்னாலிருந்து.

“இத்தனை வருஷமா ஊருக்கெல்லாம் சொல்லிட்டு?” வாத்தியாரின் மனைவி இடுப்பில் கை வைத்தாள்.

வாத்தியார் நாளிதழை மெல்ல வாங்கி மடித்து வைத்தார். லைன்மேனின் தோளில் கை போட்டார். “வாங்க சம்பந்தி. முதல் தடவை கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கும். நான் பக்கத்துல நிக்கறேன்.”

சம்பந்தி என்ற சொல் காதில் விழுந்ததும் மகள் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அப்பா புதுச் சட்டையின் கையை மடித்துக்கொண்டு, தப்பிக்க வழி தேடுகிறவராகத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி அடுப்பங்கரைக்குள் போனார். உள்ளேயிருந்து பாத்திரம் உருளும் சத்தமும், “இது எது, அது எது” என்ற விசாரணையும், இடையிடையே வாத்தியாரின் அறிவுரையும் கேட்டன. வாத்தியார் எதையும் கையால் தொடவில்லை, மேற்பார்வை மட்டும்.

ஒருவழியாகக் குழம்பு மேசைக்கு வந்தது. லைன்மேன் நெற்றி வியர்வையோடு மனைவிக்குத்தான் முதலில் ஊற்றினார். எல்லாரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் பிசைந்து ஒரு வாய் வைத்தாள்.

உப்பு நாக்கைப் பிடித்து இழுத்தது. காரம் காதுவரைக்கும் ஏறியது. நறுக்கிய காய் நறுக்கிய நிலையிலேயே, துளியும் வேகாமல் இருந்தது. கண்ணில் தண்ணீர் முட்ட நிமிர்ந்தவளுக்கு எதிரே ஜன்னல் தெரிந்தது. ஜன்னலில் குளம் தெரிந்தது, கரைக்குக் கரை ஆகாயத்தாமரையோடு. பக்கத்தில் வாத்தியார் ஒன்றும் அறியாதவர்போல் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

“நல்லா இருக்கு” என்றாள் கதைக்காரி.

மகள் குனிந்து அவள் காதில், “அம்மா, ஒரு பொய்கூடக் கூடாதுன்னு சொன்னேன்” என்றாள்.

“குளத்தைப் பாத்தியாடி நீ?” என்றாள் அம்மா, பல்லைக் கடித்துக்கொண்டு.

லைன்மேனுக்கு முகமெல்லாம் பூரிப்பு. கல்யாணம் ஆன நாளாக மனைவி முன்னால் அவர் அப்படி நெஞ்சை நிமிர்த்தி நின்றதில்லை. “பிடிச்சிருக்கா? நிஜமாவா?” என்று கேட்டுக்கொண்டே, அவள் தட்டில் இன்னும் ஒரு கரண்டி ஊற்றினார்.